சாந்தியின் வழக்கு: எட்டாம் வகுப்பில் நீக்கப்பட்ட பாடம்

புது தில்லி: சாந்தி ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அந்த வீட்டு அம்மாளின் தங்கச் சங்கிலி காணாமல் போகிறது. சந்தேகம் சாந்தியின் மேல் விழுகிறது. காவலர்கள் வந்து சோதனையிட, அவளுடைய பெட்டியில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. அது தான் சேமித்த பணம் என்று அவள் சொல்வதை எவரும் கேட்பதாயில்லை. காவல் நிலையத்தில் வைத்து மிரட்டுகிறார்கள், ஒப்புக்கொள் என்கிறார்கள். ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் சில வாரங்கள் சிறையில் கிடக்கிறாள். வழக்குரைஞர் வைக்க வசதியில்லை என்றதும், அரசுச் செலவில் கமலா ராய் என்ற பெண் வழக்குரைஞர் அவளுக்காக நியமிக்கப்படுகிறார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு திருட்டுக் கும்பல் சங்கிலியோடு பிடிபடுகிறது. சாந்தி விடுதலையாகிறாள்.

இது தில்லியின் தீஸ் ஹஜாரி நீதிமன்ற வளாகத்தில் நடந்த வழக்கல்ல. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட எட்டாம் வகுப்பு 'சமூக, அரசியல் வாழ்வு' நூலின் ஆறாவது பாடத்தில் வந்த கதை. காவல்துறை, அரசு வழக்குரைஞர், எதிர்த்தரப்பு வழக்குரைஞர், நீதிபதி ஆகிய நால்வரும் ஒரு குற்ற வழக்கில் என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை மாணவன் அந்தக் கதையின் வழியே தானே கண்டுகொள்ளும்படி அந்தப் பாடம் அமைந்திருந்தது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ள முடியாது. முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகத் தர வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருந்தன. கல்கத்தா முதல் ஜெய்ப்பூர் வரை, மத்திய வாரியப் பள்ளிகளில் 13 வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் படித்தாக வேண்டிய பாடம் அது.

இப்போது இல்லை. கரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டப் பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி 2022-ஆம் ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. மேற்கொண்ட நீக்கங்களில் இந்தப் பாடம் முழுவதுமாகப் போயிற்று. பத்துப் பாடங்கள் கொண்ட நூல் எட்டுப் பாடங்களாகச் சுருங்கியது. அந்த ஆண்டின் நீக்கங்களில் முகலாயர் பற்றிய பகுதிகளும் குஜராத் கலவரம் பற்றிய பகுதியும் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டன. சாந்திக்காகப் பேச ஆள் கிடைக்கவில்லை. பின்னர் 2025-ஆம் ஆண்டில் அந்த நூலே விலக்கப்பட்டு, எட்டாம் வகுப்புக்கு வேறு சமூக அறிவியல் நூல் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பு என்பது இங்கே தற்செயலான எண் அல்ல. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சாசனத் திருத்தமும், அதையொட்டி 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டமும் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத்தான் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியுள்ளன. அந்த உரிமை முடிகிற வகுப்பு எட்டு. அதற்கு மேல் படிப்பது குடும்பத்தின் வசதி, ஊரில் உயர்நிலைப் பள்ளி இருக்கும் தூரம், பெண்ணாயிருந்தால் வீட்டாரின் மனம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே, குடிமக்கள் அனைவருக்கும் ஒரு விஷயத்தைப் பள்ளியில் சொல்லியாக வேண்டுமென்றால், அதைச் சொல்வதற்கு அரசுக்குக் கடைசி வாய்ப்பு எட்டாம் வகுப்புதான். குற்ற வழக்கு நடைமுறையை அந்த வகுப்பில் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

மேல்தளத்தில் சட்டவியல்

கீழ்த்தளத்தில் இப்படியென்றால், மேல்தளத்தில் நிலைமை நேர்மாறு. 11, 12-ஆம் வகுப்புகளில் 'சட்டவியல்' என்று தனிப் பாடமே இருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2013-ஆம் ஆண்டில் இதை விருப்பப் பாடமாக அறிமுகப்படுத்தியது. எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், திட்டப்பணிக்கு 20. 11-ஆம் வகுப்பில் அரசு நிறுவனங்களின் இயல்பு, சட்டத்தின் ஊற்றுகள், இந்தியச் சட்ட அமைப்பின் வரலாறு, உரிமையியல் குற்றவியல் நீதிமன்றங்கள், குடும்ப நீதி ஆகியவை; 12-ஆம் வகுப்பில் நீதித்துறை, சொத்து, ஒப்பந்தம், தீங்கியல், குற்றச் சட்டம், நடுவர் தீர்வும் தீர்ப்பாயங்களும், மனித உரிமைகள், வழக்குரைஞர் தொழில், சட்ட உதவி ஆகியவை. போதாததற்கு லத்தீன் சட்ட முதுமொழிகளும் உண்டு.

பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. சட்டக் கல்லூரி முதலாண்டுப் பாடத்தின் சுருக்கம் என்றே சொல்லலாம். அதன் நோக்கத்தில்தான் ஒரு குழப்பம் இருக்கிறது. குடிமகனுக்குத் தேவையான சட்ட அறிவைத் தருவதா, சட்டக் கல்லூரிக்குப் போகிறவரைத் தயார்படுத்துவதா என்ற கேள்விக்கு வாரியம் இரண்டும்தான் என்று விடை வைத்திருக்கிறது. ஆனால், விருப்பப் பாடமாக்கியதுமே விடை ஒன்றாகிவிட்டது. வணிகவியலோ கலைப் பிரிவோ எடுத்து, சட்டம் படிக்கலாமா என்று யோசிக்கிற நகரத்து மாணவர்களே இதை நாடுகின்றனர். பெங்களூரில் 1988-இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்த தேசியச் சட்டப் பள்ளியைப் பின்பற்றி நாடெங்கும் எழுந்த ஐந்தாண்டுச் சட்டப் பல்கலைக்கழகங்களும், 2008-இல் தொடங்கிய 'கிளாட்' பொது நுழைவுத் தேர்வும் நடுத்தர வகுப்புப் பெற்றோருக்கு மருத்துவம், பொறியியல் தவிர மூன்றாவதாக ஒரு கதவைக் காட்டின. பள்ளிப் பாடம் அந்தக் கதவுக்கு வெளியே போட்ட விரிப்பாயிற்று.

இதில் வேடிக்கை, கிளாட் தேர்வுக்குச் சட்ட முன்னறிவே தேவையில்லை என்பதுதான். 2020 முதல் அந்தத் தேர்வு, பத்தி ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து பகுத்தறிந்து விடை எழுதச் சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. எனவே 'சட்டவியல்' படித்த இந்தி வழி மாணவனைக் காட்டிலும், அதைப் படிக்காத ஆங்கில வழி மாணவனுக்கே அங்கு அனுகூலம் அதிகம்.

அந்தத் தளம் வரை ஏறி வருகிறவர்கள்தான் எத்தனை பேர்? மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 புள்ளிவிவரப்படி, மேல்நிலை வகுப்புகளில் மொத்தச் சேர்க்கை விகிதம் 57.6 சதவீதம். இது எல்லாப் பாடப் பிரிவுகளுக்கும் சேர்த்து. அதில் மத்திய வாரியப் பள்ளிகள் ஒரு பகுதி. அவற்றில் சட்டவியல் நடத்தும் பள்ளிகள் இன்னொரு பகுதி. அங்கும் அதை விரும்பி எடுப்போர் மேலும் ஒரு பகுதி.

சிறைக்குள் யார்?

இப்போது கணக்கை மறுபக்கமிருந்து பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் அந்த ஆண்டு இறுதியில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூவர். விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள். பெரும்பான்மையோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். கால் பங்கினருக்கு எழுதப் படிக்கவே தெரியாது.

குற்றவியல் நீதி அமைப்போடு நேருக்கு நேர் நிற்க நேர்கிறவர்களில் பெரும்பாலோர், பள்ளியில் அந்த அமைப்பைப் பற்றிச் சொல்லித் தரும் வகுப்புக்கு வந்து சேராதவர்கள் என்பது இந்தப் புள்ளிவிவரத்திலிருந்தே தெரிகிறது. தாகம் எடுத்தவன் தெருவில் நிற்க, தண்ணீர்ப் பந்தலை மூன்றாவது மாடியில் வைத்ததற்கு ஒப்பானது இது.

அறியாமையின் விலை என்ன என்பதற்கு இந்நாட்டின் சட்ட வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1979 ஜனவரியில் தேசியக் காவல் ஆணைய உறுப்பினர் கே.எஃப். ருஸ்தம்ஜி பிகார் சிறைகளைப் பார்த்துவிட்டு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேட்டில் எழுதினார். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம், விசாரணையே தொடங்காமல் உள்ளே கிடந்தவர்களைப் பற்றிய விவரங்கள் அவை. அந்தக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு வழக்குரைஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் சென்றார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணையும், ஏழைக்கு இலவச வழக்குரைஞரும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர். தங்களுக்கு ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாண்டு கழித்து, பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை தொடர்பான கத்ரி வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தப்படும்போதே வழக்குரைஞர் தரப்பட வேண்டும் என்றும், அந்த உரிமை இருப்பதை மாஜிஸ்திரேட்தான் கைதிக்குச் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. கேட்காதவனுக்கும் சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். ஏனென்றால் கேட்கத் தெரியாதவனே அங்கு வந்து நிற்கிறான்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதாவது 18 வயது நிறையாத எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சாந்திக்குக் கமலா ராய் வந்தது இந்த ஏற்பாட்டின்படிதான். கதையில் அது தானாக வருகிறது. வெளியே, கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

பதினாறு வயதின் சட்டம்

மேல்நிலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பிறர் கதை என்று கொள்வதற்கும் இல்லை. 16 முதல் 18 வரையான அந்த இரண்டு ஆண்டுகள்தாம், அண்மைக் காலச் சட்டங்கள் மிகக் கூர்மையாகக் குறிவைக்கும் வயது.

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த வழக்கில், குற்றவாளிகளுள் ஒருவனுக்கு 18 வயது நிறைய சில மாதங்களே இருந்தன. இளஞ்சிறார் என்பதால் அவனுக்கு மூன்று ஆண்டு சிறப்பு இல்ல வாசமே அதிகபட்சமாக விதிக்க முடிந்தது. அதையொட்டி எழுந்த கொந்தளிப்பின் விளைவு 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். குறைந்தபட்சம் ஏழாண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றத்தில் 16 வயது நிறைந்த சிறார் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டால், இளஞ்சிறார் நீதிக் குழுமம் 15-ஆவது பிரிவின்படி அவரது மன முதிர்ச்சியை மதிப்பிட்டு, வயது வந்தவராகவே கருதி விசாரிக்க அனுப்பலாம். 11-ஆம் வகுப்பு மாணவனுக்கு இது தெரியுமா?

அதே வயதில் வருகிற காதலுக்கும் சட்டம் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. பதினேழு வயதுப் பெண்ணும் அவளை விரும்பிய இளைஞனும் வீட்டை விட்டுப் போனால், பெற்றோர் புகார் கொடுத்த மறுநாள் அவன் கடுங்குற்றவாளி. நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் திணறுகின்றன. சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தந்த 283-ஆவது அறிக்கையில், வயது வரம்பைக் குறைக்க வேண்டாம். 16 முதல் 18 வயதுக்குட்பட்டோர் தொடர்பான இத்தகைய வழக்குகளில் தண்டனை விதிக்கும்போது நீதிபதிக்கு வழிகாட்டுதலுடன் கூடிய விருப்புரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. அறிஞர்களே இன்னும் முடிவுக்கு வராத இந்தக் கேள்வியின் நடுவில் நிற்பவர்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட வகுப்பறையில் கேட்டிராதவர்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது அதே சட்டத்தின்படி குற்றம் என்பது ஆசிரியர்களிலேயே பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

வண்டி ஓட்டும் ஆசையைச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்பட்ட போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தனர். சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே சினந்தபின் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. சிறாரைத் திருத்துவதே நோக்கமாகக் கொண்ட சட்டத்தில் கட்டுரை எழுதச் சொல்வது விந்தையல்ல என்று வாதிட இடமுண்டு. ஆனால், அந்தச் சட்டத்தின் கனிவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளிலேயே கிடைத்ததும், வழக்குரைஞர் யாரென்றே தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அது எத்தனை நாளில் கிடைத்திருக்கும் என்பதுமே மக்களைக் கொதிக்க வைத்தன.

மறைந்த எண்கள்

சட்டவியல் பாடம் பத்தாண்டைத் தாண்டியதுமே அதன் குற்றச் சட்டப் பகுதி வரலாற்றுப் பாடமாகிவிட்டது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றையும் நீக்கி, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆகியவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவுகள் இருந்த தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகள். கொலைக்கு 302 என்பது 103 ஆயிற்று. மோசடிக்கு 420 என்பது 318-க்குள் போயிற்று. 1955-இல் ராஜ் கபூர் தம் படத்துக்கே பெயராக்கிய எண். தில்லி ரிக்ஷாக்காரர் முதல் சென்னை மாநகரப் பேருந்துப் பயணி வரை ஏமாற்றுக்காரனைத் திட்டப் பயன்படுத்தும் எண். சட்டத்தில் இறந்துவிட்ட அது தெருவில் இன்னும் பல்லாண்டு வாழும்.

எண்கள் மாறியது சிறு செய்தி. புதிய சட்டங்கள் கொண்டுவந்த சில உரிமைகளை மக்கள் அறிவதே பெரிது. குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு முன்பு நடைமுறையில் இருந்தது. இப்போது 173-ஆவது பிரிவில் எழுத்திலேயே வந்துவிட்டது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வேண்டும் என்கிறது 479-ஆவது பிரிவு. பழைய வழக்குகளில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. அவர் எழுதாவிட்டால், உள்ளே இருப்பவனோ வெளியே உள்ள தம்பியோ கேட்க வேண்டும்.

புதிய சட்டங்களைச் சேர்த்துச் சட்டவியல் பாடநூல்களைத் திருத்த சி.பி.எஸ்.இ. 2025-ஆம் ஆண்டில் முடிவெடுத்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால், பிரிவு எண்களை மாற்றி அச்சிடுவதோடு திருத்தம் முடிந்துவிடுமானால் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது மாறுமே தவிர வேறொன்றும் மாறாது.

முதல் தகவல் அறிக்கையின் மொழி

சட்டம் தெரிந்தாலும் அதன் மொழி தெரிய வேண்டும். உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் 348-ஆவது பிரிவின்படி ஆங்கிலத்தில் இயங்குகின்றன என்பது தமிழ் வாசகர்களுக்குப் பழைய மனக்குறை. தில்லிக்கு அதற்கும் மேல் ஒரு குறை உண்டு. இங்கே காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை முகலாயர் காலத்து உருது, பாரசீகச் சொற்களால் நிறைந்தது. புகார் 'இஸ்திகாசா', புலனாய்வு 'தஃப்தீஷ்', குற்றவாளி 'முஜ்ரிம்'. புகார் கொடுத்த இந்திக்காரருக்கே தான் என்ன புகார் கொடுத்தோம் என்று புரியாது. இது பற்றிய பொதுநல மனுவை 2019-இல் விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், புகார்தாரரின் சொந்தச் சொற்களிலேயே அறிக்கை இருக்க வேண்டும், அகராதி தேவைப்படும் சொற்கள் கூடாது என்றது. தவிர்க்க வேண்டியவை என்று 383 சொற்கள் பட்டியலிடப்பட்டன. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள காவல் நிலையத்திலேயே நிலைமை இதுவென்றால், ஜார்க்கண்டில் சந்தாலி பேசுகிறவர் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்கும் தாளில் என்ன இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில் முதல் தகவல் அறிக்கை என்றால் என்ன என்று விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். ஒரு அறிக்கையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால், ஒரே பாடவேளையில் அதைவிட அதிகம் கற்கலாம்.

நன்றாகக் கற்பிக்க முடியும் என்பதற்கும் உதாரணம் தேடி அயல்நாடு போக வேண்டியதில்லை. அதே எட்டாம் வகுப்பு நூலில் நீதித்துறை பற்றிய பாடம், தில்லியில் 1980 டிசம்பரில் எரிந்து இறந்த சுதா கோயல் வழக்கைக் கொண்டு எழுதப்பட்டது. விசாரணை நீதிமன்றம் கணவன், மாமியார், மைத்துனன் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. தில்லி உயர் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1985-இல் உச்ச நீதிமன்றம் கணவனுக்கும் மாமியாருக்கும் ஆயுள் தண்டனை விதித்து, மைத்துனனை விடுவித்தது. ஒரே சாட்சியத்தை மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாகப் பார்த்தன என்பதைவிட, மேல்முறையீடு என்பதன் பொருளையும் நீதிபதிகளும் மனிதர்களே என்பதையும் 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேறு எது வேண்டும்?

சட்டத்தைக் கையாண்டு கற்றதற்கு லக்னௌ பள்ளிச் சிறுமி ஒருத்தி சான்று. காந்தியடிகளுக்கு 'தேசத் தந்தை' பட்டம் எந்த உத்தரவின்படி வழங்கப்பட்டது என்று 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அவள் பிரதமர் அலுவலகத்தைக் கேட்டாள். மனு அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. அப்படி ஓர் உத்தரவே இல்லை என்பதும், அரசியல் சாசனத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களைத் தடை செய்கிறது என்பதும் வெளிவந்தன. மனுவுக்கான கட்டணம் பத்து ரூபாய். 18-ஆவது பிரிவு என்னவென்று பெரியவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன் தெரிந்திருந்ததோ!

எல்லா வகுப்புகளிலும் சட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் போதுமே என்றும் ஒரு குரல் எழுவதுண்டு. அதற்கும் முன்னனுபவம் இருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க உத்தரவிட்டது. பாடம் வந்தது, நூல்கள் வந்தன, தேர்வும் வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்த தலைமுறையே தில்லியின் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. பாட எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது. எந்த வயதில், எந்த மொழியில், எதைச் சொல்வது என்பதே கடினம். சாந்தியின் கதை அந்த மூன்றுக்கும் ஓரளவு விடை கண்டிருந்தது. அது ஒரு பாடம்தான், சில பக்கங்கள்தான், தேர்வுக்கு வந்தால் ஐந்து மதிப்பெண் தேறும்.

2022-23 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களே அந்தக் கதை இல்லாமல் தேறிய முதல் அணி. அவர்களில் தொடர்ந்து படித்தவர்கள் 2025-26-இல் 11-ஆம் வகுப்புக்கு வந்தார்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு குறிப்பிடும் 16 வயதும் ஏறக்குறைய அப்போதே அவர்களுக்கு நிறைந்தது. சட்டவியல் பாடம் உள்ள பள்ளியில் சேர்ந்து, அதை விரும்பி எடுத்தவர்களுக்குச் சட்ட உதவி பற்றிய பகுதி 12-ஆம் வகுப்பில் வரும். எட்டோடு நின்றவர்கள் அதற்குள் வேலைக்குப் போய் மூன்றாண்டு ஆகிவிட்டது.